மந்தையின் குரல் - ஓசோர்னோ மறைமாவட்டம் தரும் பாடம்



ஆயருக்கும் மக்களுக்கும் மோதல், பங்குத்தந்தையை எதிர்த்துப் போராட்டம் என்று ஒரு செய்தி வந்தவுடன் நம்மில் பலர் நடந்தது என்ன என்று கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "ஆயரையே எதிர்க்கிறார்களே, இவர்களுக்கு விசுவாசம் இருக்கிறதா?" என்கிறார்கள் சிலர். "சாமியார்கள் என்றாலே இப்படித்தான்" என்கிறார்கள் வேறு சிலர். முதலாவது கூட்டத்தாருக்கு அதிகாரத்தில் இருப்பவர் தவறவே மாட்டார். இரண்டாவது கூட்டத்தாருக்கு அவர் எப்போதும் தவறுகிறவர். இரு கூட்டத்தாருமே உண்மையைத் தேடும் வேலையை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இத்தகைய மோதலை ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பார்க்க வேண்டும்? தென் அமெரிக்க நாடான சிலியின் தென்பகுதியில் உள்ள ஓசோர்னோ மறைமாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்தவை இதற்கு நல்ல பாடமாக இருக்கின்றன. ஒருபுறம் ஒரு சிறிய மறைமாவட்டத்தின் பொதுநிலையினர். மறுபுறம் அவர்களுடைய ஆயரும், அவரை நியமித்த திருத்தந்தையும். மூன்று ஆண்டுகள் கழித்து, மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களே. திருச்சபை வரலாற்றில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை. எனவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பெர்னாண்டோ கரடிமா என்றொரு குரு இருந்தார். வசதி படைத்தோர் வாழும் பகுதியில் அவருடைய பங்கு இருந்தது. மிகுந்த செல்வாக்கு உடையவர், புனிதர் என்றே பலரால் கருதப்பட்டவர். அவரது வழிகாட்டுதலில் பல இளைஞர்கள் குருக்களானார்கள். அவர்களுள் சிலர் பின்னாளில் ஆயர்களும் ஆனார்கள். 2010ஆம் ஆண்டில் ஹுவான் கார்லோஸ் குரூஸ், ஜேம்ஸ் ஹாமில்டன், ஹோசே ஆந்த்ரேஸ் முரில்லோ ஆகிய மூவர், தாங்கள் இளமையில் இந்தக் குருவால் பாலியல் முறைகேட்டுக்கு ஆளானதை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2011ஆம் ஆண்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கரடிமாவைக் குற்றவாளி எனக் கண்டு, வாழ்நாள் முழுவதும் செபத்திலும் தவத்திலும் கழிக்க வேண்டுமெனத் தண்டனை விதித்தது. சிலி நாட்டு நீதிமன்றமோ, காலவரம்பு கடந்துவிட்டது என்று சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது.

கரடிமாவுக்கு நெருக்கமாக இருந்தவர்களுள் ஒருவர் ஹுவான் பாரோஸ். 1995 முதல் ஆயர். 2004 முதல் சிலி இராணுவத்தினருக்கான ஆயர். கரடிமா செய்த தவறுகளை இவர் நேரில் பார்த்தும் வாய் திறக்கவில்லை என்பது பாதிக்கப்பட்டவர்களின் குற்றச்சாட்டு. ஆயர் பாரோஸ் இதைத் தொடர்ந்து மறுத்து வந்தார். இந்தச் சூழலில்தான் 2015 சனவரியில் திருத்தந்தை அவரை ஓசோர்னோவின் ஆயராக நியமித்தார்.

ஓசோர்னோ மக்கள் அதிர்ந்துபோனார்கள். மறைமாவட்டத்தின் பொதுநிலையினர் 1300 பேரும், குருக்கள் ஏறத்தாழ 30 பேரும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் 51 பேரும் இந்த நியமனத்தைத் திரும்பப் பெறுமாறு திருத்தந்தைக்கு எழுதியதாக அந்நாள்களில் செய்திகள் வந்தன. நியமனம் மாறவில்லை. 2015 மார்ச் 21 அன்று புனித மத்தேயு பேராலயத்தில் ஆயர் பொறுப்பேற்றபோது, கறுப்பு உடை அணிந்து, கறுப்புப் பலூன்களை ஏந்தியவாறு நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். ஆயரை ஆதரித்து வெள்ளைப் பலூன்களோடு வந்தவர்களும் இருந்தார்கள். பலிபீடத்தின் முன்பாகவே கூச்சலும் தள்ளுமுள்ளும் நிகழ்ந்தன. சில நாள்களில் ஆயர்களுக்கான பேராயம், இவருடைய நியமனத்தைத் தடுப்பதற்குரிய காரணங்கள் எதையும் ஆய்வில் காணவில்லை என்று அறிவித்தது.

அந்த ஆண்டு மே மாதம் புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை சிலி நாட்டவர் ஒருவரோடு பேசியது காணொளியாகப் பதிவாகி, அக்டோபரில் வெளிவந்தது. ஓசோர்னோ மக்கள் அறியாமையால் துன்பப்படுகிறார்கள், இடதுசாரி அரசியல்வாதிகளின் பேச்சைக் கேட்டு ஏமாறுகிறார்கள் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். அன்றாடம் செபமாலை சொல்பவர்களும் மறைக்கல்வி கற்பிப்பவர்களும் தங்கள் திருத்தந்தை தங்களைப் பற்றி இப்படிச் சொன்னதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

2018 சனவரியில் திருத்தந்தை சிலிக்குச் சென்றார். குருக்கள் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைக்காகத் தாம் வேதனையும் வெட்கமும் அடைவதாக அரசுத் தலைவர் மாளிகையில் கூறினார். ஆயினும் சனவரி 18 அன்று இக்கிக்கே நகரில் செய்தியாளர் ஒருவர் ஆயர் பாரோஸ் பற்றிக் கேட்டபோது, அவருக்கு எதிராக ஒரு சான்றுகூட இல்லை, எல்லாமே அவதூறு என்று பதில் சொன்னார். பாதிக்கப்பட்டவர்கள் மீண்டும் காயப்பட்டார்கள். சிறார் பாதுகாப்புக்கான திருப்பீட ஆணையத்தின் தலைவராக அப்போது இருந்த கர்தினால் சீன் ஓ'மாலி அவர்களே, இச்சொற்கள் பாதிக்கப்பட்டோருக்குப் பெரும் வேதனை தருபவை என வெளிப்படையாகச் சொன்னார். உரோமை திரும்பும் விமானத்தில் திருத்தந்தை தாம் பயன்படுத்திய சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் ஆயர் குற்றமற்றவர் என்ற தம் கருத்தை அப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயர் பாரோஸ் இருமுறை பதவி விலக முன்வந்ததையும், தாம் அதை ஏற்கவில்லை என்பதையும் அதே பயணத்தில் அவரே கூறினார்.

அடுத்த சில நாள்களில் திருத்தந்தை ஒரு முடிவு எடுத்தார். மால்டாவின் பேராயர் சார்லஸ் ஷிக்லுனாவையும் அருள்தந்தை ஜோர்டி பெர்த்தோமெயுவையும் சாட்சியங்களைக் கேட்க அனுப்பினார். அவர்கள் நியூயார்க்கிலும் சாந்தியாகோவிலும் 64 பேரைச் சந்தித்தார்கள். ஓசோர்னோ மக்களின் பிரதிநிதிகளும் அவர்களுள் அடங்குவர். ஏறத்தாழ 2300 பக்க அறிக்கை திருத்தந்தையிடம் சேர்ந்தது.

அதைப் படித்த திருத்தந்தை, ஏப்ரல் 8 தேதியிட்டுச் சிலி ஆயர்களுக்கு எழுதிய மடலில், நிலைமையைக் கணித்ததில் தாம் பெரும் தவறுகள் செய்துவிட்டதாகவும், உண்மையான, சமநிலையான தகவல் தமக்குக் கிடைக்காததே அதற்குச் சிறப்பான காரணம் என்றும் கூறி, தாம் புண்படுத்தியவர்களிடம் மன்னிப்பு வேண்டினார். அம்மாத இறுதியில் குரூஸ், ஹாமில்டன், முரில்லோ மூவரையும் தம் இல்லத்திற்கு அழைத்து, ஒவ்வொருவரோடும் தனித்தனியே உரையாடினார். மே மாதம் சிலி ஆயர்களை உரோமைக்கு அழைத்துப் பேசினார். பதவியிலிருந்த ஆயர்கள் அனைவரும் தங்கள் பதவி விலகலை அவரிடம் ஒப்படைத்தார்கள். சூன் 11 அன்று ஆயர் பாரோஸின் விலகல் ஏற்கப்பட்டது. சூன் 17 ஞாயிறன்று, கறுப்புப் பலூன்கள் ஏந்தப்பட்ட அதே பேராலயத்தில் பேராயர் ஷிக்லுனா முழந்தாளிட்டு, திருத்தந்தையின் பெயரால் ஓசோர்னோ மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கரடிமா குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒன்றை நாம் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ஆயர் பாரோஸ் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் இறுதிவரை மறுத்தே வந்தார். எனவே அவரைக் குறித்துத் தீர்ப்பிடுவது நம் நோக்கம் அல்ல. மக்களின் குரல் ஏன் மூன்று ஆண்டுகள் கேட்கப்படவில்லை என்பதே நம் கேள்வி.

செவிகள் ஏன் அடைபட்டன?

முதல் காரணம், சொன்னது என்ன என்று கேட்பதற்கு முன் சொன்னவர் யார் என்று முத்திரை குத்தியது. இடதுசாரிகள், அரசியல் தூண்டுதல், திருச்சபையின் பகைவர்கள் - இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன்பின் அவர்கள் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை. நம் ஊர்களிலும் இதற்கென்று சில பெயர்கள் உண்டு. "அவர் பங்குப் பேரவையில் இடம் கிடைக்காதவர்", "அவர் மாற்றுக் கட்சிக்காரர்", "அவருக்கும் பழைய சாமியாருக்கும் நெருக்கம்." இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணக்கில் குறை இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எந்தக் கட்சி என்பது கணக்கைச் சரிசெய்துவிடாது.

இரண்டாவது காரணம், கேட்கப்பட்ட கேள்வி தவறாக அமைந்தது. ஓசோர்னோ மக்கள், "இந்த ஆயரைத் தண்டியுங்கள்" என்று முதலில் கேட்கவில்லை. "இவரை எங்களுக்கு மேய்ப்பராக அனுப்பாதீர்கள்" என்றார்கள். தலைமையோ, "குற்றத்திற்குச் சான்று எங்கே?" என்று திருப்பிக் கேட்டது. ஒருவரைத் தண்டிக்கச் சான்று தேவை. மந்தையை ஒருவர் கையில் ஒப்படைப்பதற்கோ அதைவிட மேலான ஒன்று தேவை. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஆயர் குறைகூறலுக்கு இடமளிக்காதவராகவும், திருச்சபைக்கு வெளியே உள்ளோரிடமும் நற்பெயர் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது (1 திமொ 3:2,7). இது குற்ற வழக்கின் அளவுகோல் அல்ல, நம்பிக்கையின் அளவுகோல்.

அப்படியானால் எவரேனும் ஒரு வதந்தியைக் கிளப்பி, எந்தக் குருவையும் ஆயரையும் தடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் இல்லாத மொட்டைக் கடிதங்களால் நல்ல குருக்கள் பலர் துன்பப்படுவதை நாம் அறிவோம். ஆனால் ஓசோர்னோவில் நடந்தது அது அல்ல. சாட்சி சொன்னவர்கள் தங்கள் பெயரோடும் முகத்தோடும் முன்வந்தவர்கள். கரடிமாவைப் பற்றி அவர்கள் சொன்னதை நம்பத்தக்கது என்று 2011ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது திருச்சபையேதான். அதே மனிதர்கள் அடுத்தவரைப் பற்றிப் பேசியபோது அது அவதூறு ஆகிவிட்டது. இந்த முரண்பாட்டைத்தான் ஓசோர்னோவின் எளிய மக்கள் சுட்டிக்காட்டினார்கள்.

மூன்றாவது காரணம், தகவல் வந்த வழி. தமக்குச் சமநிலையான தகவல் கிடைக்கவில்லை என்று திருத்தந்தை எழுதினார். ஆனால் தகவல் அறவே இல்லாமல் இல்லை. கரடிமாவிடம் உருவான ஆயர்களைக் குறித்துச் சிலி ஆயர்களுக்கே கவலை இருந்ததும், ஆயர் பாரோஸைப் பதவி விலகச் செய்து ஓராண்டு ஓய்வு கொடுக்கும் யோசனை முன்பே இருந்ததும், 2015 சனவரியில் திருத்தந்தை எழுதிய மடல் ஒன்று வெளியானபோது தெரிய வந்தன. குரூஸ் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று 2015ஆம் ஆண்டிலேயே கர்தினால் ஓ'மாலி வழியாக அனுப்பப்பட்டது என்றும் 2018 பிப்ரவரியில் செய்தி வெளியானது. ஆக, மேலிருந்தவர்களிடமிருந்து வந்த தகவலுக்கு இருந்த எடை, கீழிருந்து வந்த தகவலுக்கு இல்லாமல் போயிற்று. அதிகாரத்தில் இருப்பவரைச் சுற்றி எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. தங்கள் நண்பரைக் காப்பாற்ற விரும்புகிறவர்களாக இருந்தாலே போதும்.

நாணயத்தின் மறுபக்கம்

அப்படியானால் மக்கள் திரண்டு எதிர்த்தால் அது எப்போதும் தூய ஆவியாரின் குரல்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் நைஜீரியாவில் நடந்ததையும் பார்த்தால்தான் படம் முழுமை பெறும்.

நைஜீரியாவின் இமோ மாநிலத்தில் உள்ளது அகியாரா மறைமாவட்டம். அங்கே வாழும் ம்பைசே மக்கள் ஆழ்ந்த விசுவாசம் உடையவர்கள். குருத்துவ அழைத்தல்கள் மிகுந்த பகுதி அது. 2012 டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அருள்தந்தை பீட்டர் ஒக்பலேக்கே அவர்களை அங்கு ஆயராக நியமித்தார். அவர் அண்டை மாநிலமான அனம்ப்ராவைச் சேர்ந்தவர். மொழியும் ஒன்றே, இனமும் ஒன்றே; ஆனால் ம்பைசே பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். மறைமாவட்டத்தின் குருக்களில் பெரும்பாலோரும் மக்களும் அவரை ஏற்க மறுத்தார்கள். 2013 மே மாதம் அவருடைய ஆயர் திருநிலைப்பாடு மறைமாவட்டத்திற்கு வெளியே ஒரு குருமடத்தில் நடந்தது. அகியாராவின் பேராலயத்திற்குள் அவரால் பொறுப்பேற்கவே முடியவில்லை.

2017 சூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், அகியாராவின் ஒவ்வொரு குருவும் 30 நாள்களுக்குள் தமக்குத் தனித்தனியே கடிதம் எழுதி, கீழ்ப்படிதலை உறுதிசெய்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடுமையாகக் கட்டளையிட்டார். கடிதங்கள் போயின, மனங்கள் மாறவில்லை. இறுதியில் ஆயர் ஒக்பலேக்கே சமாதானத்திற்காகத் தாமே விலகிக்கொண்டார். 2018 பிப்ரவரியில், அதாவது பேராயர் ஷிக்லுனா சிலி மக்களின் சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், அந்த விலகல் ஏற்கப்பட்டது. பின்னர் 2020இல் புதிய எக்வுலோபியா மறைமாவட்டத்தின் முதல் ஆயராகவும், 2022இல் கர்தினாலாகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

அகியாரா மக்களிடமும் ஒரு குறை இருந்தது. இவ்வளவு குருக்களைத் தந்த எங்கள் மண்ணிலிருந்து ஒருவர்கூட ஆயராகத் தகுதி பெறவில்லையா என்பது அவர்கள் கேள்வி. அந்த வலியை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ஆயினும் வந்தவரிடத்தில் அவர்கள் கண்ட பெருங்குறை, அவர் பிறந்த இடம். சாதியின் பெயரால் கல்லறையிலும் தேர்த் தெருவிலும் பிளவுபட்ட பங்குகளை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரு மறைமாவட்டங்களிலும் மக்கள் திரண்டார்கள். இரண்டிலும் ஆயர் விலகினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஓசோர்னோவில் மக்கள் தங்களுக்காகக் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கரடிமாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. எங்கோ தலைநகரில் காயப்பட்ட சிலரின் வலியைத் தங்கள் வலியாக எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நீதி கிடைக்காமல் எங்கள் பேராலயத்தில் விழா வேண்டாம் என்றார்கள். அகியாராவில் எழுந்த குரல், எங்கள் ஆள் வேண்டும் என்று கேட்டது. ஆகவே ஒரு போராட்டத்தை எடைபோட, எத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ணிப் பயனில்லை. யாருக்காகக் கூடினார்கள் என்று கேட்க வேண்டும். காயப்பட்ட சிறியோருக்காகப் பேசுகிற குரலுக்கும், தன் குலத்திற்காகப் பேசுகிற குரலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே தெளிந்து தேர்தல்.

திருச்சபை என்ன கற்பிக்கிறது?

தொடக்கத் திருச்சபையில் முணுமுணுப்பு எழுந்ததை லூக்கா மறைக்கவில்லை. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டார்கள் (திப 6:1-6). திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லவில்லை. சீடர்கள் அனைவரையும் கூட்டினார்கள். நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே! குறை சொன்ன பிரிவினரின் கையிலேயே பொறுப்பு சேர்ந்தது. அதன்பின் கடவுளின் வார்த்தை மேன்மேலும் பரவியது என்று லூக்கா தொடர்கிறார். அந்தியோக்கியாவில் தூய பவுல் தூய பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்ததையும் நாம் அறிவோம் (கலா 2:11-14). பேதுருவை விட்டுப் பிரிவதற்காகப் பவுல் எதிர்க்கவில்லை. பந்தியில் ஒதுக்கப்பட்ட பிற இனத்துக் கிறிஸ்தவர்களுக்காக எதிர்த்தார்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. திருச்சபைச் சட்டம் 212, மூன்றாம் பத்தியின்படி, திருச்சபையின் நலனைச் சார்ந்தவற்றில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை. சில வேளைகளில் அது அவர்களுடைய கடமையும் ஆகும். விசுவாசத்தையும் நல்லொழுக்கத்தையும் காத்து, மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடும், பொது நலனையும் மனிதரின் மாண்பையும் மனத்தில் கொண்டும் அதைச் செய்ய வேண்டும். திருச்சபையைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடும் எண் 37இல் இதையே கற்பிக்கிறது. ஆகவே பேசுவது கீழ்ப்படியாமை அல்ல. பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பதும் கீழ்ப்படிதல் அல்ல.

ஆயர் தெரிவைப் பொறுத்தவரை, இன்றைய சட்டத்தின்படி திருப்பீடத் தூதர் பலரிடம் கருத்துக் கேட்கிறார். பொருத்தமென்று கருதினால் ஞானமுள்ள பொதுநிலையினரிடமும் தனித்தனியே, இரகசியமாகக் கேட்கலாம் (சட்டம் 377). 374ஆம் ஆண்டில் மிலான் நகர மக்களின் குரலால் தூய அம்புரோஸ் ஆயரானதை நினைத்துப் பார்த்தால், மக்களின் பங்கு திருச்சபைக்குப் புதியதல்ல என்பது விளங்கும். 2024 அக்டோபரில் நிறைவடைந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு, ஆயர்களைத் தெரிவு செய்வதில் இறைமக்களின் குரலுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்ற விருப்பத்தை வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளது. ஓசோர்னோவின் வலி இந்த விருப்பத்திற்குப் பொருள் சேர்க்கிறது.

2018 மே 31 அன்று திருத்தந்தை ஒரு மடல் எழுதினார். இம்முறை ஆயர்களுக்கு அல்ல, சிலியில் பயணிக்கும் இறைமக்கள் அனைவருக்கும். பாதிக்கப்பட்டோருக்குச் செவிமடுக்கத் தவறியதே நம் பெருங்குறை என்று அதில் ஒப்புக்கொண்டு, மாற்றத்தில் முன்நின்று செயல்பட அஞ்ச வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். 2019 மே மாதம் வெளியிட்ட மடலின் வழியாக, ஆயர்கள் முறைகேட்டை மூடிமறைத்தால் அதைப் புகார் செய்வதற்கும் விசாரிப்பதற்கும் உலகத் திருச்சபை முழுமைக்கும் வழிமுறைகளை ஏற்படுத்தினார். 2021இல் ஹுவான் கார்லோஸ் குரூஸ் அவர்களையே சிறார் பாதுகாப்புக்கான திருப்பீட ஆணையத்தின் உறுப்பினராக்கினார். 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் விட்டுச்சென்ற எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. தவறவே தவறாதவராக அவர் காட்சி தரவில்லை. தவறியது தெரிந்தவுடன், யாரைப் புண்படுத்தினாரோ அவர்களைத் தேடிச் சென்று கேட்டார்.

ஆனாலும் ஒரு வருத்தம் எஞ்சுகிறது. மன்னிப்பு வந்துவிட்டது என்பதால் மூன்று ஆண்டுகளின் காயம் ஆறிவிடாது. பிளவுபட்ட பங்குகளும், ஞாயிறு திருப்பலியை விட்டு விலகியவர்களும், ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திய குடும்பங்களும் ஒரு மன்னிப்போடு சேர்ந்துவிடுவதில்லை. காலம் தாழ்த்திக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள் எளிய மக்களே.

நம் பங்குகளுக்கு...

இத்தகைய புயல் நம் பங்கில் அடிக்க வேண்டும் என்பதில்லை. சிறிய காற்றுகள் எங்கும் அடிக்கின்றன. திருவிழா வரவு செலவு, பங்குத்தந்தையின் மாற்றம், பள்ளிச் சேர்க்கை, கட்டடப் பணி என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

குருக்களாகிய எங்களுக்கு: பங்கில் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது கட்டாயம் (சட்டம் 537). மேய்ப்புப் பணிப் பேரவை ஆலோசனை கூறும் அமைப்பே (சட்டம் 536). ஆனால் ஆலோசனை என்ற சொல், கேட்டுவிட்டு நினைத்ததையே செய்வதற்கான அனுமதி அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதிச் சண்டைகள் பிறக்காது. "யார் உங்களைத் தூண்டிவிட்டார்கள்?" என்று கேட்பதற்கு முன், "என்ன நடந்தது?" என்று கேட்போம். எங்களைச் சுற்றி ஆமாம் போடுகிறவர்கள் மட்டும் இருக்கிறார்களா என்று அவ்வப்போது பார்ப்பதும் நல்லது. ஒரு சிறுவனோ சிறுமியோ தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முன்வந்தால், பங்கின் பெயர் கெடும் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமே இல்லை. இந்திய நாட்டின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமலிருப்பதே குற்றம்.

பொதுநிலையினராகிய உங்களுக்கு: பெயரிட்டு எழுதுங்கள், மொட்டைக் கடிதம் உங்கள் நியாயத்தையே கெடுக்கும். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். பங்குத்தந்தை, மறைவட்ட முதன்மைக் குரு, முதன்மைக் குரு, ஆயர் என்று படிப்படியாகச் செல்லுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். பீடத்தைப் போராட்டக் களமாக்காதீர்கள். ஓசோர்னோவிலும்கூடப் பொறுப்பேற்பு நாளில் பேராலயத்திற்குள் எழுந்த கூச்சல், மக்களின் நியாயத்திற்கு வலு சேர்க்கவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் சளைக்காமல், திருச்சபையை விட்டு ஓடிவிடாமல், எழுதியும் செபித்தும் சாட்சி சொல்லியும் அவர்கள் நின்றதே வலு சேர்த்தது. தாய்க்கு உடல் நலமில்லை என்று சொல்கிற பிள்ளை, தாயின் பகைவன் அல்ல.

சிந்திப்போம்:

- நம் பங்கில் யாருடைய குரல் ஒருபோதும் கேட்கப்படுவதில்லை? பெண்களா, இளைஞர்களா, கிளைப்பங்கு மக்களா, ஆலயத்தின் பின் வரிசையில் நிற்பவர்களா?

- நான் குறை சொல்லும்போது, காயப்பட்ட ஒருவருக்காகப் பேசுகிறேனா, என் உறவுக்காகவும் என் தெருவுக்காகவும் பேசுகிறேனா?

- என்னோடு உடன்படாத ஒருவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் என்ன? அந்தப் பெயரை எடுத்துவிட்டு அவரைக் கேட்க எனக்கு மனமிருக்கிறதா?

நல்ல ஆயன் தம் ஆடுகளை அறிந்திருக்கிறார். அவையும் அவரை அறிந்திருக்கின்றன என்று யோவான் நற்செய்தியில் கேட்கிறோம் (யோவா 10:14). ஆடுகள் ஆயனின் குரலைக் கேட்க வேண்டும் என்று நாங்கள் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆயனும் ஆடுகளின் குரலை அறிந்திருந்தால்தான், காணாமற்போன ஒன்று முட்புதரிலிருந்து கத்தும்போது அது எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். கேட்கும் செவியை மேய்ப்பர்களுக்கும், அன்போடு உண்மை பேசும் நாவை இறைமக்களுக்கும் ஆண்டவர் அருள்வாராக!